வழி காட்டும் கருவியும் வழி கேட்கும் உரிமையும்

"சாரதிக்குக் கணிதம் எதற்கு? காட்டுகிற பக்கம் வண்டியைத் திருப்பத் தெரிந்தாற் போதாதா?"

மல்லாவிச் சந்தித் தேநீர்க்கடை ஒன்றில், படித்தவர் என்று ஊரால் மதிக்கப்படும் நண்பர் ஒருவர் என்னை நோக்கி எழுப்பிய வினா இது. கேட்ட மாத்திரத்தில் அதற்கு நான் மறுமொழி கூறவில்லை. தேநீர்க்கடையில் ஒரு மூச்சிற் சொல்லி முடித்துவிடக்கூடிய மறுமொழியன்று அது. இப்பொழுது கூறுகிறேன்.

சென்ற காலபோக அறுவடையின்போது நெல் ஏற்றுவதற்காக மலையகத்திலிருந்து லொறி ஒன்று மல்லாவிக்கு வந்தது. கண்டி வீதியால் வடக்கு நோக்கி வந்து, மாங்குளத்தில் இடப்புறம் திரும்பி, மல்லாவி வீதியைப் பிடித்திருந்தால் அதன் சாரதி பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்து சேர்ந்திருப்பார். ஆனால் அவருடைய கைத்தொலைபேசியிலிருந்த வழிகாட்டிச் செயலி மாங்குளத்துக்கு முன்னரே அவரைக் காட்டுப் பாதை ஒன்றில் இறக்கிவிட்டது. முந்திய கிழமை பெய்த மழையில் ஊறிக் கிடந்த பாதை அது. இரண்டு கட்டை தூரம் போகுமுன் பின்சில்லுகள் புதைந்துவிட்டன. தொலைபேசிக்குத் தொடர்பும் இல்லை. யானை நடமாடும் காட்டில் அந்த மனிதர் லொறியின் முன்தட்டில் விழித்திருந்து இரவைக் கழித்தார். மறுநாட் காலையில் உழவு இயந்திரம் ஒன்று வந்து லொறியை இழுத்துக் கரையேற்றியது. இழுத்த கூலி அவருடைய சட்டைப்பையிலிருந்து போயிற்று. ஒரு நாள் வீணாயிற்று என்று லொறிச் சொந்தக்காரர் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார். "செயலி குறித்த நேரம் என்னிடமும் இருக்கிறது; நீ எங்கேயோ படுத்துத் தூங்கியிருக்கிறாய்" என்பது சொந்தக்காரரின் தீர்ப்பு.

தேநீர்க்கடைக்கு வந்த அந்தச் சாரதி இழந்த பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. சேறு காய்ந்த கையால் தொலைபேசியை நீட்டி ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: "ஏன் சேர் இது இந்த வழியக் காட்டிச்சு? அத மட்டும் யாராவது சொன்னாப் போதும்."

இதற்குத்தான் என் நண்பர் சிரித்தார். இயந்திரம் பொய் சொல்லாது என்றார். கணக்குத் தெரியாதவனுக்குக் காரணம் சொல்லி என்ன பயன் என்றார். இந்த நண்பர் ஒருவரல்லர், நம்மிடையே பலர். கருவியைச் செய்து விற்கும் பெருங் கம்பனிகளின் எண்ணமும் இதுவே. பாதையைக் காட்டுவதோடு தங்கள் கடமை முடிந்தது, காரணங் கூறுவது தங்கள் கடமையன்று என்பது அவர்கள் நிலைப்பாடு. எனவே சாரதியின் கேள்விக்கு விடையையும் நண்பரின் கேள்விக்கு மறுப்பையும் ஒருங்கே கூற வேண்டியிருக்கிறது.

முதலில் சாரதியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை கூறக் கணிதப் பட்டம் தேவையில்லை. வவுனிக்குளத்துத் தண்ணீரைப் பார்த்திருந்தாற் போதும்.

குளத்தின் துருசைத் திறக்கிறோம். நீர் முதல் வாய்க்காலிற் பாய்கிறது. வாய்க்கால் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நீரும் பிரிந்து எல்லாக் கிளைகளிலும் ஓடுகிறது. கடைக்கோடியிலுள்ள ஒரு வயலின் வாய்க்கடையில் நாம் காத்து நிற்கிறோம். அங்கே முதன்முதலாக வந்து சேரும் நீர் எந்த வாய்க்கால்களின் வழியே வந்ததோ, அதுவே துருசிலிருந்து அவ்வயலுக்கு மிக விரைவான வழி. வழிகாட்டிச் செயலியின் உள்ளே நடப்பதும் அடிப்படையில் இதுதான். அது நாட்டின் வீதிகளைச் சந்திகளாகவும், சந்திகளை இணைக்கும் துண்டுகளாகவும் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அதைக் கடக்க எத்தனை விநாடி செல்லும் என்று ஓர் எண் இடப்பட்டிருக்கிறது. நாம் நிற்கும் இடத்திற் கற்பனை நீரைத் திறந்துவிட்டு, சேருமிடத்தை அது முதலில் எவ்வழியே தொடுகிறது என்று பார்ப்பதே கணக்கு.

இம்முறையை வகுத்தவர் நெதர்லாந்து நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாம் நகரின் காப்பிக்கடை ஒன்றில், தாளும் பேனாவும் இன்றி, ஏறக்குறைய இருபது நிமிடங்களில் இதைத் தாம் சிந்தித்து முடித்ததாக அவர் பிற்காலத்திற் கூறினார். 1959-இல் அது அச்சேறியது. இவ்வரலாற்றில் என் நண்பர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புதிதாக அமைக்கப்பட்ட ஆர்மாக் என்னும் கணிப்பொறியின் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காகவே டைக்ஸ்ட்ரா இக்கணக்கைத் தேர்ந்தெடுத்தார். கணிதம் பயிலாதவர்களுக்குக் கேள்வியும் விளங்க வேண்டும், விடையும் விளங்க வேண்டும் என்பதே அவர் தமக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை. அதனாலேதான் நெதர்லாந்தின் அறுபத்து நான்கு நகரங்களை எடுத்து, ஒரு நகரிலிருந்து இன்னொன்றுக்கு எது குறுகிய வழி என்று கணிப்பொறியைக் கேட்டார். சாதாரண மனிதனுக்கு விளங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பிறந்த கணக்கைச் சாதாரண மனிதனுக்கு விளங்காது என்று இன்று நாம் மூடி வைக்கிறோம்.

பின்வந்தோர் இக்கணக்கை வேகப்படுத்தினர். 1968-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தினர், நீரை எல்லாத் திசையிலும் ஓடவிடாமற் சேருமிடம் இருக்கும் திசைக்கு முன்னுரிமை கொடுத்துச் செலுத்தும் முறையைக் கண்டனர். 2008-இல் ஜேர்மனியின் கால்ஸ்ரூ நகர ஆய்வாளர்கள், பெருவீதிகளுக்கிடையிலான குறுக்குக் கணக்குகளை முன்கூட்டியே செய்து வைத்து, கண்டம் ஒன்றின் முழு வீதிப் பரப்பிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வழி காணும் முறையை வகுத்தனர். வேகம் மாறியது; அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு துண்டு வீதிக்கும் ஓர் எண். எண்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவான வழி எதுவோ அதுவே திரையில் நீலக்கோடாகத் தோன்றுகிறது.

ஆகவே கூட்டலிற் பிழையில்லை. இயந்திரம் பொய் சொல்லாது என்ற நண்பரின் கூற்று அந்த அளவில் உண்மை. ஆனால் கூட்டப்பட்ட எண்களை இட்டவர் யார்? எதைக் கண்டு இட்டார்? இங்கேதான் சாரதியின் கேள்வி உயிர் பெறுகிறது.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காப்பெற் வீதியாற் சென்றால் முப்பத்தாறு கிலோமீற்றர். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகமென்றால் முப்பத்தாறு நிமிடம். காட்டுப் பாதையால் இருபது கிலோமீற்றர்; அதில் மணிக்கு நாற்பது வேகத்தில் ஓடலாம் என்று எழுதப்பட்டிருந்தால் முப்பது நிமிடம். ஆறு நிமிடம் இலாபம். கருவி காட்டுப் பாதையைத் தேர்ந்துவிடுகிறது. ஆனால் மாரியில் அப்பாதையில் ஓடக்கூடிய வேகம் மணிக்குப் பத்துத்தான்; இருபது கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம். ஆறு நிமிட இலாபத்தை எதிர்பார்த்துச் சென்றவன் எண்பத்துநான்கு நிமிடத்தை இழக்கிறான். கூட்டலிலோ கழித்தலிலோ தவறில்லை. நாற்பது என்ற அந்த ஒரே எண்தான் தவறு.

அந்த நாற்பது எங்கிருந்து வந்தது? ஒரு வீதியில் உண்மையாக ஓடும் வேகம் தெரியாதவிடத்து, அவ்வீதியின் தரத்தைப் பார்த்துப் பொதுவான ஒரு வேகத்தை எடுத்துக்கொள்வது இக்கணக்குகளின் வழக்கம். பெருவீதிக்கு இவ்வளவு, கிளைவீதிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விதித்துவிடுகிறார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்திற் காடு பிளந்து ஒரு செம்மண் கோடு தெரிகிறது. எங்கோ இருந்துகொண்டு யாரோ ஒருவர் அதை வீதி என்று வரைகிறார். அது கிரவல் இட்டதா, வெறும் மண்ணா, நடுவில் ஓடும் அருவிக்கு மதகு உண்டா, குளம் வான் பாயும்போது எத்தனை நாள் நீரில் மூழ்கியிருக்கும் என்பனவெல்லாம் படத்திலே தெரிவதில்லை. பங்குனியிலும் கார்த்திகையிலும் அக்கோடு ஒரே கோடுதான்.

வேகத்தை உண்மையாக அறியும் வழியும் உண்டு. வீதியிற் செல்லும் கைத்தொலைபேசிகள் தாம் இருக்கும் இடத்தை ஓயாமல் அறிவிக்கின்றன. அவை நகரும் வேகத்திலிருந்து வீதியின் வேகம் கணிக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் கொழும்பு காலி வீதியில் இம்முறை நன்றாகவே வேலை செய்யும். நம் காட்டுப் பாதையிலோ நாளொன்றுக்கு இரண்டு உழவு இயந்திரமும் நான்கு துவிச்சக்கர வண்டியும் போனாற் பெரிது. அவற்றைச் செலுத்துவோரின் தொலைபேசியில் செயலி இருப்பதுமில்லை, இருந்தாலும் தொடர்பு கிடைப்பதுமில்லை. எனவே அப்பாதையைப் பற்றி எந்தச் செய்தியும் போய்ச் சேருவதில்லை. செய்தி இல்லாவிட்டால் நெரிசலும் இல்லை என்றே கருவி கொள்கிறது. போக முடியாததால் ஒருவரும் போகாத பாதையை, தடையின்றிப் போகக்கூடிய பாதையாக அது கருதுகிறது. மனிதர் அஞ்சி ஒதுங்கும் வீதியே கருவியின் கண்ணுக்கு வெறுமையான, விரைவான வீதியாகிவிடுகிறது.

இதன் மறுபக்கத்தை 2020-ஆம் ஆண்டில் பேர்லின் நகரக் கலைஞரான சைமன் வெக்கெர்ட் வேடிக்கையாகக் காட்டினார். தொண்ணூற்றொன்பது கைத்தொலைபேசிகளை ஒரு கைவண்டியிற் போட்டு, வெறிச்சோடிக் கிடந்த தெருவில் மெதுவாக இழுத்துச் சென்றார். கூகிள் வரைபடத்தில் அத்தெரு சிவந்துவிட்டது. பெரும் நெரிசல் என்று அது அறிவித்தது. பேர்லினில் நெரிசலே இல்லாத தெருவில் நெரிசல். வன்னியில் பாதையே இல்லாத இடத்தில் பாதை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கருவி வீதியைப் பார்ப்பதில்லை, தொலைபேசிகளையே பார்க்கிறது. தொலைபேசி செறிந்த இடத்து மனிதனின் அனுபவம் எண்ணாகிறது. வறிய நாட்டுப்புறத்து மனிதனின் அனுபவம் எண்ணாவதேயில்லை. அங்கே ஊகம் எண்ணின் வேடத்தைத் தரித்துக்கொண்டு நிற்கிறது.

இது மல்லாவிக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2012-ஆம் ஆண்டில் அப்பிள் கம்பனியின் வரைபடம், அவுஸ்திரேலியாவின் மில்டூரா நகரத்தை அதன் உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர் தள்ளி, வெப்பம் கொதிக்கும் வனாந்தரத்தின் நடுவிற் காட்டியது. அதை நம்பிச் சென்று அகப்பட்டோரை மீட்ட விக்டோரியா மாநிலப் பொலிசார், அவ்வரைபடத்தை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கை விடுத்தனர். 2024 நவம்பரில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், பரேலிக்கு அருகே ராம்கங்கை ஆற்றின் மேலிருந்த பாலத்தில் ஒரு கார் சென்றது. அப்பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்னரே கொண்டுபோயிருந்தது. கருவியின் கோட்டிலோ பாலம் முழுமையாக இருந்தது. பாலத்தின் வாயிலைத் தக்க தடையிட்டு யாரும் மறித்திருக்கவுமில்லை. காரிலிருந்த மூவரும் ஆற்றில் வீழ்ந்து மாண்டனர். பொதுப்பணித் துறைப் பொறியியலாளர்கள் மீது அதன்பின் வழக்குப் பதிவாயிற்று. கருவி குற்றவாளியா, தடை போடாத அதிகாரி குற்றவாளியா என்று பத்திரிகைகள் வாதிட்டன. உடைந்த பாலத்தைப் பற்றி அரசிடம் இருந்த அறிவு வீதியில் வருபவனிடம் போய்ச் சேரவில்லை என்பதே அதன் உட்பொருள். சேர்க்கும் பொறுப்பு இரு பகுதியாருக்கும் உண்டு. இரு பகுதியாரும் அதைச் செய்யவில்லை.

வன்னி மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வரைபடத்திற் கோடு இருப்பதும் நிலத்திற் பாதை இருப்பதும் வேறு வேறு என்பதை நம்மைப்போல அனுபவித்து அறிந்தவர் சிலரே. 'பாதை' என்ற பொதுச்சொல்லே நமக்குக் கண்டி வீதி என்ற ஒன்றை மட்டும் குறிக்கும் சிறப்புப் பெயராகிவிட்ட காலம் இருந்தது. பாதை பூட்டு, பாதை திறப்பு என்றாற் சிறுபிள்ளைக்கும் பொருள் விளங்கும். 1990-இல் பூட்டப்பட்ட பாதை 2002-இற் திறந்தது; 2006 ஓகஸ்டில் மீண்டும் பூட்டப்பட்டது; 2009-இற் போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் திறந்தது. அத்தனை காலமும் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் அந்தக் கோடு அறுபடாமலே இருந்தது.

1996-இற் கிளிநொச்சியிலிருந்து மக்கள் பெயர்ந்தபோது மல்லாவி ஒரு நகரத்தின் சுமையைத் தாங்க நேர்ந்தது. அந்நாளிற் சிறுவனாக இருந்த நான் கேட்டு வளர்ந்த பேச்சில் முக்காற்பங்கு பாதையைப் பற்றியதே. உயிலங்குளத்தால் விடுகிறார்களா, பிரமனாலங்குளத்தால் விடுகிறார்களா? எந்த ஒழுங்கையில் மிதிவெடி? எந்த ஆற்றில் இடுப்பளவு தண்ணீர்? ஒரு சாரதி இன்ன வழியாற் போகிறேன் என்று சொன்னால், ஏன் அந்த வழி என்று வண்டியில் ஏறும் கிழவியும் கேட்பாள். சாரதியும் காரணம் சொல்வார். காரணம் சொல்ல முடியாத சாரதியின் வண்டியில் ஒருவரும் ஏறமாட்டார்கள். ஏனெனில் காரணம் தெரியாத பாதை உயிரைக் குடிக்கும். எழுத்தறியாதவர்களும் வழியின் நியாயத்தைக் கேட்டுத் தீர்மானித்த மண் இது. இந்த மண்ணில் இருந்துகொண்டு சாரதிக்குக் காரணம் எதற்கு என்று கேட்பவர் தம் சொந்த வரலாற்றை மறந்துவிட்டார் என்றே நான் சொல்வேன்.

இனி, கூலியைப் பற்றிப் பேச வேண்டும். கருவி காட்டும் வழியை ஏற்பதும் விடுவதும் சாரதியின் விருப்பந்தானே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்போர் உண்டு. விருப்பமாகவே இருந்திருந்தால் நன்று. ஆனால் செயலி குறிக்கும் நேரம் இன்று முதலாளியின் மணிக்கூடாகிவிட்டது. வாடகை வண்டிச் செயலிகளில், ஏறுமிடத்துக்கும் இறங்குமிடத்துக்கும் இடையில் கருவி கணித்த தூரத்தையும் நேரத்தையும் கொண்டே கட்டணம் முன்கூட்டிக் கூறப்படுகிறது. வெள்ளத்துக்கு விலகிச் சுற்றிப் போனால், அந்தச் சுற்றின் எரிபொருட் செலவு பல வேளைகளிற் சாரதியின் தலையிலேயே விழுகிறது. சாப்பாட்டுப் பொதி கொண்டு ஓடும் இளைஞனுக்கு இத்தனை நிமிடம் என்று திரை கெடு விதிக்கிறது. நம் லொறிச் சாரதிக்கு நேர்ந்ததும் அதுவே. கருவியின் ஊகம் சொந்தக்காரரின் கையில் அத்தாட்சிப் பத்திரமாயிற்று; சாரதி கண்ணாற் கண்ட சேறு பொய்யாயிற்று. ஊகம் சம்பளப் புத்தகத்தில் ஏறிய பின் அது ஊகமன்று, அதிகாரம். அதிகாரத்திடம் காரணம் கேட்பது அதற்குக் கட்டுப்பட்டவனின் உரிமை. கங்காணியின் துண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று தோட்டத் தொழிலாளி கேட்டபோதும், உனக்குக் கணக்கு விளங்காது என்றே சொன்னார்கள். அந்த வழியில் வந்த சாரதி இன்று அதே கேள்வியை வேறு கங்காணியிடம் கேட்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொருவனுக்கும் விரைவான வழியைத் தனித்தனியே தேடிக் கொடுத்தால் ஊர் முழுவதற்கும் நன்மை விளையும் என்பது இக்கருவிகளின் அடியிலுள்ள தத்துவம். இத்தத்துவம் கணிதத்தின் முன்னேயே நிற்காது. 1968-ஆம் ஆண்டில் ஜேர்மனியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிறேஸ், ஒவ்வொரு சாரதியும் தனக்கு விரைவானதையே தேர்ந்தால், புதிதாகத் திறந்த குறுக்கு வீதியே எல்லோருடைய பயணத்தையும் நீட்டிவிடும் நிலைமைகள் உண்டு என்று நிறுவினார். 2018-இல் அமெரிக்காவின் லியோனியா என்னும் சிற்றூர், செயலிகள் தன் குடியிருப்புத் தெருக்களிற் கொண்டுவந்து கொட்டிய வாகன வெள்ளத்தைத் தாங்கமாட்டாமல், நெரிசல் வேளைகளில் வெளியூர் வண்டிகளுக்கு அத்தெருக்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் ஒழுங்கை கருவியின் கணக்கில் வெறும் விநாடிகள்தான். குளக்கட்டின் மேல் பத்துத் தொன் லொறி ஏறினாற் கட்டுக்கு என்னவாகும் என்பதும் அதன் கணக்கில் இல்லை. கட்டு உடைந்தால் அழியப்போகும் வயல்கள் அந்த லொறியின் பயண நேரத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

இவ்வளவும் கேட்ட பின் நம் முகாமிலிருந்தே வேறொரு குரல் எழும். "அப்படியானால் இது ஏகாதிபத்தியக் கருவி, தூக்கி எறியுங்கள்" என்று அது சொல்லும். இக்குரலையும் நான் மறுக்கிறேன். இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு முன்பின் அறியாத ஊருக்குப் போகும் வான் சாரதிக்கு இக்கருவி பெருந்துணை. மொழி தெரியாத நகரத்தில் முதன்முறை இறங்கும் தொழிலாளிக்கு அது தோழன். மனித அறிவின் உழைப்பால் விளைந்த கணக்கைக் கம்பனியின் சொத்தென்று விட்டுக்கொடுப்பது, விளைந்த நெல்லை மில்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பதை ஒக்கும். கருவியை வணங்குபவரும் எறியச் சொல்பவரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர்: இருவரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

திறந்து பார்க்க வழியுண்டு. 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பின் ஸ்ட்ரீட் மேப் என்னும் உலக வரைபடம் பொதுமக்களால் வரையப்படுவது. அதில் ஒரு வீதி காப்பெற்றா, கிரவலா, மண்ணா என்று எவரும் எழுதலாம். மாரியில் மூடப்படும் பாதை என்று குறிக்கலாம். அதன்மேல் இயங்கும் வழிகாட்டி நிரல்கள் சில, எந்த வீதிக்கு எந்த வேகத்தை விதிக்கின்றன என்பதை எவரும் வாசிக்கும்படி வெளியிட்டிருக்கின்றன. 2010-இல் ஹெயிட்டி நாட்டுத் தலைநகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, உலகெங்குமிருந்த தொண்டர்கள் சில நாட்களில் அந்நகரின் வீதிகளை இவ்வரைபடத்தில் வரைந்து மீட்புப் பணிக்கு உதவினர். நாம் இலவசமாக வரைந்தால் கம்பனிகளும் எடுத்துப் பயன்படுத்துமே என்பர் சிலர். பயன்படுத்தலாம், ஆனால் 2012 முதல் அதற்குள்ள உரிமப்படி, அத்தரவைத் திருத்திப் பெருக்கி வெளிப்படப் பயன்படுத்துவோர் தம் தரவையும் அதே நிபந்தனையிற் பொதுவுக்குத் தர வேண்டும். பொதுக்குளத்துத் தண்ணீரை எடுப்பவர் குளத்தை அடைத்துத் தமதாக்க முடியாது என்ற நம் கமக்காரர் வழக்கத்துக்கு இது அயலானதன்று.

எனவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. முதலாவது, வழிகாட்டும் செயலி தன் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வழி ஆறு நிமிடம் குறைவு. இதன் பன்னிரண்டு கிலோமீற்றரின் தரையைப் பற்றி எமக்குச் செய்தி இல்லை. அண்மையில் இதிற் சென்றவர் எவரையும் நாம் அறியோம். இம்மூன்று வாக்கியம் திரையில் இருந்திருந்தால் அந்தச் சாரதி மாங்குளத்துக்கே வந்திருப்பார். விவரம் கூடினால் சாரதியின் கவனம் சிதறும் என்ற சாக்கு செல்லாது. வண்டி புறப்படுமுன் சொல்லக்கூடியவற்றை ஓடும்போது சொல்லச் சொல்லி நாம் கேட்கவில்லை. இரண்டாவது, வீதி அபிவிருத்தி அதிகார சபையும் மாகாண வீதித் திணைக்களமும் பிரதேச சபைகளும், எந்த வீதி எப்போது மூடப்படுகிறது, எந்தப் பாலம் பழுது என்ற செய்தியை எவரும் எடுத்தாளக்கூடிய வடிவத்தில் உடனுக்குடன் வெளியிட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கி, பல மாவட்டங்களில் வீதிகளையும் பாலங்களையும் அறுத்தெறிந்த பின்னரும் இதன் தேவையை யாருக்கேனும் விளக்க வேண்டியிருந்தால் அது வெட்கக்கேடு. மூன்றாவது, கருவி குறித்த நேரத்தைக் காட்டிச் சாரதியின் சம்பளத்திற் கைவைக்கும் வழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்க வேண்டும். வீதியிற் கண்ட சேற்றுக்குச் சாரதியின் சொல்லே முதற்சாட்சியாக ஏற்கப்பட வேண்டும்.

நான்காவது ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் உரியது. டைக்ஸ்ட்ராவின் கணக்கைக் கரும்பலகையில் விளக்க ஒரு பாடவேளை போதும். நான் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் பத்தாம் வகுப்பிற் செய்து பார்த்தேன். மல்லாவி, யோகபுரம், துணுக்காய், பாண்டியன்குளம் என்று ஊர்களை வட்டங்களாக வரைந்து, இடையிலுள்ள வீதிகளுக்குப் பிள்ளைகளே நிமிடங்களை இட்டார்கள். உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "சேர், இது கோடையிலையோ மாரியிலையோ?" என்று கேட்டாள் ஒரு மாணவி. "லொறியோ சைக்கிளோ?" என்று கேட்டான் ஒருவன். பின்வாங்கிலிருந்து இன்னொருவன், "இரவெண்டால் அந்தப் பக்கம் யானை நிக்கும்" என்றான். பல கோடி செலவிட்டுக் கருவி செய்தவர்கள் கேட்க மறந்த மூன்று கேள்விகள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் தாம் அறிந்த வீதிகளைப் பொது வரைபடத்தில் எழுதத் தொடங்கினால், அடுத்த மாரியில் வரும் சாரதி ஒருவராவது காட்டில் இரவு கழிக்க மாட்டார்.

நண்பர் கேட்டார்: சாரதிக்குக் கணிதம் எதற்கு? இழுத்த கூலியைத் தன் பையிலிருந்து கொடுத்தவர் அவர். சம்பளம் இழந்தவர் அவர். தவறான எண்ணின் விலையை யார் கொடுக்கிறாரோ, அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை முதலில் அவருக்கே உண்டு. அன்று தேநீர்க்கடையில், சீனி கொட்டியிருந்த மேசையில் விரலாற் கோடு கீறி, துருசையும் வாய்க்காலையும் காட்டி நான் அவருக்கு விளக்கினேன். கால் மணித்தியாலம் சென்றது. முடிவில் அவர் அந்தக் காட்டுப் பாதைக் கோட்டின்மேல் விரலை வைத்து, "அப்ப, இந்த நம்பரத்தான் மாத்தணும்" என்றார்.

கணிதம் விளங்காதவர் என்று நாம் முடிவு கட்டிய மனிதரின் சொல் அது. அந்த எண்ணை மாற்றும் வேலைக்கு என் நண்பரையும் அழைக்கிறேன்.